அபு பாக்ஸ் செட்: பெட்டி தயார், உங்கள் பிளேயர் தயாரா?

அபு என்ற பையன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் வங்காள இயக்குநர் சத்யஜித் ரேயின் மூன்று படங்களையும், பழைய படங்களை டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015இல் ஒரே பெட்டியாகக் கொண்டுவந்தது. பதேர் பாஞ்சாலி (1955, 125 நிமிடம்), அபராஜிதோ (1956, 110 நிமிடம்), அபூர் சன்சார் (1959, 106 நிமிடம்). படத்துக்கு ஒன்றாக மூன்று ப்ளூ-ரே டிஸ்க், கூடவே ஒரு சிறுபுத்தகம். பிறகு, ப்ளூ-ரேயைவிட நுணுக்கம் கூடிய 4கே டிஸ்க்கோடும் அதே பெட்டி வந்திருக்கிறது. பழைய இயக்குநர்களின் தொகுப்புகளில் முதலில் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் கை இதைத்தான் காட்டும். சுவீடன் இயக்குநர் பெர்க்மனுக்கு 39 படம், 30 டிஸ்க் என்று ஒரு பெட்டி இருக்கிறது. பார்க்கவே மலைப்பாக இருக்கும். முக்கால்வாசி டிஸ்க் கைபடாமலே அலமாரியில் கிடக்கும். இது மொத்தமே 341 நிமிடம். சனி, ஞாயிறில் முடிந்துவிடும்.

சேலத்தில் இதை வாங்கிவிட்டு "படம் சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு டிவியின் செட்டிங்கைப் போய்ப் பார்த்தால் காரணம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். எனவே இந்த விமர்சனத்தில் பாதி பெட்டியைப் பற்றி, பாதி பெட்டி வந்து சேரும் வீட்டைப் பற்றி.

முதலில் பெட்டிக்குள் இருக்கும் படம். 1993 ஜூலையில் லண்டனில் ஹெண்டர்சன் ஃபிலிம் லேப் தீப்பிடித்தபோது ரேயின் பல படங்களின் அசல் நெகட்டிவ் அங்கே இருந்தது. ரே காலமாகி ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. கருகியது, ஒட்டிக்கொண்டது, பாதி உருகியது என எஞ்சிய சுருள்களை அமெரிக்க ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் வாங்கி வைத்துக்கொண்டது. அன்றிருந்த எந்த லேப்பாலும் அதை மெஷினில் ஏற்ற முடியாது. சுமார் 20 வருடம் டப்பாவிலேயே இருந்தது. பின்னர் இத்தாலியின் பொலோன்யா நகரில் உள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற சீரமைப்புக் கூடத்துக்கு அனுப்பினார்கள். நெருப்பில் வறண்டு முறுகிய ஃபிலிமுக்கு முதலில் ரசாயனக் கரைசலில் ஈரப்பதம் ஏற்றி வளையும் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அறுந்த ஓரத் துளைகளையும் விட்டுப்போன ஒட்டுகளையும் கையாலேயே ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். கைவேலை மட்டும் ஏறக்குறைய 1000 மணி நேரம். அதற்கப்புறம்தான் 4கே ஸ்கேன்.

பதேர் பாஞ்சாலியில் சுமார் 40 சதவீதமும், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே எடுத்தது. மீதிக்கு, அசலிலிருந்து முன்பே எடுத்துவைத்த நகல்களான ஃபைன் கிரெய்ன் பிரதியும் டூப் நெகட்டிவும். அபூர் சன்சாரின் நெகட்டிவ் தேறவில்லை. அந்தப் படம் முழுவதுமே அப்படிப்பட்ட பிரதிகளிலிருந்து வந்தது. கூர்ந்து பார்ப்பவருக்கு இது கண்ணில் தெரியும். முதல் இரண்டில் நெகட்டிவ் வரும் இடங்களில் கறுப்பு ஆழமாகவும், ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடியான துகள், அதாவது கிரெய்ன், சீராகவும் இருக்கும். பிரதிக்கு மாறும்போது ஒரு மாற்றுக் குறைந்த மென்மை. உறுத்தாது. மூன்றாவது படத்தில் அந்த மென்மை தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருப்பதால் கண் பழகிவிடும்.

நாணல் பூத்த வெளியில் பிள்ளைகள் இருவரும் ரயில் பார்க்கும் காட்சியைப் பழைய டிவிடியில் பார்த்தவர்கள் வெள்ளைப் போர்வை விரித்ததுபோல் ஒரு பரப்பைத்தான் பார்த்திருப்பார்கள். இதில் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகத் தெரியும். இந்திர் தாக்ருண் என்ற கிழவியாக வரும் சுனிபாலா தேவியின் முகச்சுருக்கம், குளத்து நீர்மேல் ஓடும் பூச்சியின் கால் பதியும் குழி, எல்லாம் இருக்கிறது. அபராஜிதோவின் காசி வீடு ஸ்டூடியோவில் போட்ட செட். மேலே துணி கட்டி, அதில் விளக்கொளியைத் தட்டி எதிரொளிக்க விட்டு, திறந்த முற்றத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. நிழல் எங்கும் கோடு கிழிக்காத அந்த வெளிச்சம் மங்கலான பிரதிகளில் வெறும் சாம்பலாகத் தெரிந்தது. மித்ரா செய்த வேலை என்னவென்று இந்த டிஸ்க்கில்தான் புரியும்.

ஒலி ஒற்றைச் சேனல் மோனோ, அமுக்கிச் சுருக்காத பிசிஎம் டிஜிட்டல் ஒலி. பின்னணி இரைச்சலை முற்றாக வழித்தெடுக்காமல் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள். நல்ல முடிவு, வழித்திருந்தால் சிதாரின் மேல் நாதமும் கூடவே போயிருக்கும். ரவிசங்கர் பதேர் பாஞ்சாலிக்கு ஒரே இரவில் வாசித்து முடித்த இசை அது. சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் அதில் 'சரவுண்ட்', 'விர்ச்சுவல்' என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். மோனோவை அறை முழுக்கத் தெளித்தால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

சப்டைட்டில் ஆங்கிலம் மட்டும்தான். தமிழ் எதிர்பார்த்து வாங்காதீர்கள். ப்ளூ-ரேயில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கவும் வழியில்லை. 32 அங்குல டிவியை 10 அடி தள்ளி வைத்துப் பார்க்கும் வீட்டில் வயதானவர்களால் படிக்க இயலாது. 43 அங்குலம் என்றால் 6, 7 அடிக்குள் நாற்காலியைப் போடுங்கள். வசனம் குறைவான படங்கள் என்பதால் ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் பதேர் பாஞ்சாலியைத் தாராளமாகப் பின்தொடரலாம். அபூர் சன்சாரில்தான் பேச்சு அதிகம்.

கூடுதல் பகுதிகளில் தவறவிடக் கூடாதது 1958ஆம் ஆண்டு ஒலிப்பதிவு: ரே தன் கட்டுரையைத் தானே வாசிப்பதும், திரைப்பட வரலாற்றாளர் கிதியான் பாக்மனோடு பேசுவதும். அடுத்தது சீரமைப்பைப் பற்றிய குறும்படங்கள். கருகிய சுருளைக் கையில் பிடித்துக் காட்டும்போது அடிவயிறு கலங்கும். ரேயின் வாழ்க்கையை எழுதிய ஆண்ட்ரூ ராபின்சனின் காணொளிக் கட்டுரை தெளிவானது. அபூர் சன்சாரில் நடித்த சௌமித்ர சாட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் பேட்டிகள் உண்டு. சிறுபுத்தகத்தில் பதேர் பாஞ்சாலிக்கு ரே வரைந்த ஸ்டோரிபோர்டில் சில பக்கங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு அதே காட்சியை ஓட்டிப் பாருங்கள். 1967இல் எடுத்த அரை மணி ஆவணப்படம் சுமார். மற்றதை நேரமிருந்தால் பார்க்கலாம்.

இனி சிக்கலுக்கு வருவோம்.

ப்ளூ-ரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, இந்தியா சி. ஏ மண்டல டிஸ்க்கை சி மண்டல பிளேயரில் போட்டால் ஒரு அறிவிப்பு வரும், படம் வராது. டிவிடிக்கு வேறு கணக்கு. அதில் இந்தியா 5, அமெரிக்கா 1. ஏமாற்றம் நடப்பது இங்கேதான். கடையில் "மல்டி ரீஜன் சார், எல்லாம் ஓடும்" என்பார்கள். பொய்யும் சொல்லவில்லை, டிவிடி எல்லாம் ஓடும். ப்ளூ-ரே மண்டலப் பூட்டு அப்படியே இருக்கும். ஆகவே "ப்ளூ-ரே ரீஜன் ஏ ஓடுமா?" என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் ரிமோட்டில் ஒரு எண்வரிசை அழுத்தினால் மண்டலம் மாறும். பலவற்றில் உள்ளே சிறு சர்க்யூட் சேர்த்தால்தான் மாறும். அப்படி மாற்றிய பிளேயரில் இன்டர்நெட் வழி அப்டேட்டை அணைத்து வையுங்கள். புது ஃபர்ம்வேர் (பிளேயரின் உள் மென்பொருள்) ஏறினால் பழையபடி பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

வெளிநாட்டிலிருந்து உறவினர் பிளேயர் கொண்டுவருகிறார் என்றால் பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்கச் சொல்லுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் அடாப்டர் போதும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230இல் செருகாதீர்கள். ஒரு நொடியில் பவர் சப்ளை போய்விடும். கம்ப்யூட்டரில் ப்ளூ-ரே டிரைவ் மாட்டிப் பார்ப்பதும் ஒரு வழி. ஆனால் டிஸ்க்கில் குறியாக்கப் பூட்டு இருப்பதால் உரிமம் பெற்ற பிளேயர் மென்பொருள் தேவை. இலவச மென்பொருளை நிறுவியவுடன் ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

4கே டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது. உங்களிடம் 4கே பிளேயர் இருந்தால், அல்லது எப்படியும் புதுப் பிளேயர் வாங்கப்போகிறீர்கள் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே 4கே பெட்டியை எடுக்கலாம். கூட வரும் சாதாரண ப்ளூ-ரேக்கள் மண்டலப் பூட்டுள்ளவைதான் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஐரோப்பிய டிவிடி மலிவாகக் கிடைக்கிறதே என்று போக வேண்டாம். பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் வரும் டிவிடியில் நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்த படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 125 நிமிடப் படம் 120இல் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் சிதாரும் குரலும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே போய் நிற்கும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படம் ஓடத் தொடங்கியது. இப்போது டிவி. கடையில் பளிச்சென்று தெரிய வைத்த 'டைனமிக்' அல்லது 'விவிட்' மோடிலேயே பல வீட்டு டிவிக்கள் ஆயுளை முடிக்கின்றன. 'மூவி', 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றுங்கள். கலர் டெம்பரேச்சர் 'வார்ம்'. குளிர் நிறத்தில் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி இருக்கும். ஷார்ப்னெஸ் பெரும்பாலான பிராண்டில் 0, சோனியில் 50 தான் நடுநிலை. அதைத் தாண்டினால் தலைமுடியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற பெயரில் எத்தனை வரி இருந்தாலும் அத்தனையையும் ஆஃப் செய்யுங்கள். கிரெய்ன்தான் ஃபிலிமின் உடம்பு. டிவி அதை அழுக்கென்று நினைத்துத் துடைக்கும், துடைத்தால் முகங்கள் மெழுகாகும். 1000 மணி நேரம் கையால் மீட்டெடுத்ததை ஒரு பட்டனில் அழிப்பதற்கு இவ்வளவு பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஃபிரேம்களுக்கு நடுவே டிவி தானாகப் படம் சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங்கும் ஆஃப். பிளேயரில் 24பி அவுட்புட் ஆன். இது ஆஃபில் இருந்தால் 24 ஃபிரேம் 60 ஹெர்ட்ஸுக்கு ஏறும்போது ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று காட்டப்படும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் விக்கும்.

கடைசியாக ஜூம். படம் கிட்டத்தட்ட 4:3 சதுரமானது. 16:9 டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். "இடம் வீணாகிறதே" என்று ஜூம் செய்தால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். சப்டைட்டிலும் அதோடு போகும். அகலவாக்கில் இழுத்தால் சின்ன அபு பெரிய அபுவாகிவிடுவான். 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்ற வரி இருந்தால் ஆன் செய்து ஓரங்கள் வெட்டுப்படாமல் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வளைவுக்குள்ளிருந்து வந்தவை. டி.ஆர். சுந்தரம் இயக்கிய உத்தம புத்திரன் (1940), திகம்பர சாமியார் (1950), சர்வாதிகாரி (1951), திரும்பிப்பார் (1953), முதல் முழுநீளத் தமிழ் வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படமான கண்டம்பெச்ச கோட்டு (1961): ஒரு பெட்டிக்கு வேண்டிய சரக்கு முழுதாக இருக்கிறது. இந்தத் தரத்தில் அப்படியொரு பெட்டி கிடையாது. பழைய தமிழ்ப் படங்களுக்கு நாம் வாங்கிப் பழகிய டிவிடிகளில் மூலையில் கம்பெனி முத்திரை இருக்கும், பாட்டு நடுவில் அறும், தலைக்கு மேல் ஃபிரேம் வெட்டியிருக்கும். ரேக்கு வாய்த்தது பெரிய பணம் மட்டும் என்று நினைத்தால் தவறு. கருகிய டப்பாவைத் தூக்கிப் போடாமல் 20 வருடம் ஒரு காப்பகம் அலமாரியில் வைத்திருந்தது, அதுதான் முதல் காரணம்.

வாங்கும் விஷயம். சேலத்தில் ஐந்து ரோட்டிலோ கடைவீதியிலோ இதைத் தேடி அலைய வேண்டாம். டிஸ்க் விற்ற கடைகள் இன்று மொபைல் கவர் விற்கின்றன. வெளிநாட்டு இணையக் கடைதான் வழி. கிரைட்டீரியன் வெளியீடுகள் அமெரிக்காவில் பொதுவாக ஜூலையிலும் நவம்பரிலும் பாதி விலைக்கு வரும், அதற்குக் காத்திருங்கள். சுங்க வரி, பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடப்படும். அதனால் விரைவு கூரியரைத் தேர்ந்தால் கூரியர் காசும் கூடும், அதற்கான வரியும் கூடும். அதற்கு மேல் கூரியர்காரர்கள் தங்கள் கையாளும் கட்டணத்தையும் பில்லில் ஏற்றுவார்கள். அடையாளச் சான்று கேட்டு வரும் செய்திக்கு உடனே பதில் கொடுக்காவிட்டால் பார்சல் விமான நிலையத்திலேயே நாள்கணக்கில் படுத்துக்கிடக்கும்.

வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் டிஸ்க்கைப் பிடிக்கும் நடுப்பல் உடைந்திருக்கிறது. எடுக்கும்போது நடுக்குமிழை ஒரு விரலால் அழுத்தி, ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஓரத்தை மட்டும் நெம்பினால் டிஸ்க் வளையும். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டரில். மேலே கடினப் பூச்சு இருப்பதால் சின்ன உரசலைத் தாங்கும். ஆழக் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. டிவிடியைத் தேய்த்துத் தரும் மெஷின் கடைக்கு இதைக் கொண்டுபோகவே போகாதீர்கள். அந்தப் பூச்சையே சுரண்டிவிடுவார்கள். விரல் ரேகை பட்டால் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

வைக்கும் இடம் சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு ஒன்று. கீழே எதிரி வெயில். மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி, நிறுத்திவைத்த கார், இரண்டும் ஆகாது. டிஸ்க் நெளிந்தால் நிமிராது. மேலே, 1500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் தொடங்கினால் பனிமூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் நடந்து வரும். பாலிகார்பனேட் டிஸ்க் அதைத் தாங்கும். அட்டைதான் தாங்காது: ஊறி உப்பும், பிளாஸ்டிக் தட்டை ஒட்டிய பசை விடும், சிறுபுத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை நல்லது. மாறியதும் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் உழைக்கும். ஈரமான நாளில் டப்பாவை மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள், வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து மூடுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

குளிரில் கிடந்த பிளேயரை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்த உடனே போட்டால் லேசர் லென்ஸில் நீர் கோத்து "டிஸ்க் படிக்க முடியவில்லை" என்று சொல்லும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்துக்கு வந்தாலும் இதே கதைதான். ஒரு மணி நேரம் சும்மா விட்டால் தானே சரியாகும். லென்ஸ் கிளீனர் டிஸ்க்கைத் தேடி ஓடாதீர்கள்.

4கே பெட்டியா, பழைய ப்ளூ-ரேயா என்பதில் தயங்குபவர்களுக்கு: 55 அங்குலத்துக்குக் கீழ் டிவி என்றால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, மண்டலப் பூட்டு ஒன்றுதான் வித்தியாசம். கையில் சி மண்டல பிளேயர் மட்டும் இருக்கிறது, பட்ஜெட்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இந்த முறை பிளேயரை வாங்குங்கள். பெட்டிக்கு அடுத்த நவம்பர் இருக்கிறது.